தோட்டத்து வீட்டிலிருந்து 220 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம்: வைஃபை கொண்டுபோக ரேடியோவா, ஃபைபரா?

#1 | ஆனைமலை_தோப்பு

வணக்கம்ங்க. தோட்டத்து வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் இருக்கு. மோட்டார் ரூம் அங்கிருந்து நேர்கோட்டில் 220 மீட்டர். நடுவில் முழுக்கத் தென்னை. நெட்டை ரகம், 25 வருஷ மரம், 25-க்கு 25 அடி இடைவெளி. மோட்டார் ரூம் பக்கம் கடைசி 80 மீட்டருக்கு ஊடுபயிரா கோகோ நிக்குது, சுமார் 4 மீட்டர் உயரம்.

மோட்டார் ரூமில் வேண்டியது ரெண்டு கேமரா (4 எம்பி, அதாவது மெகாபிக்சல்), வைஃபையில் இயங்கும் ஸ்டார்ட்டர் கன்ட்ரோலர், ஆள் இருக்கும்போது ஃபோனுக்கு நெட். ரெண்டு ரிப்பீட்டர் வாங்கி வழியில் மரத்தில் மாட்டினா போதும்னு கடையில் சொல்றாங்க. ரிப்பீட்டர் பெட்டியில் 300 மீட்டர் ரேஞ்ச்னும் போட்டிருக்கு. வாங்கலாமா?

#2 | அலைவரிசை

வாங்காதீங்க. அந்த 300 மீட்டர், குறுக்கே ஒண்ணுமில்லாத வெட்டவெளிக் கணக்கு. அதுவும் ரிப்பீட்டர் பேசுறதை வச்சுச் சொல்றது. உங்க ஃபோனோட குட்டி ஆன்டெனா பதில் பேசணுமே, அது அந்தத் தூரத்துக்குப் போகாது.

அதைவிடப் பெரிய சிக்கல், ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லுது. கேட்கிற நேரத்தில் பேச முடியாது, அதனால ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதியாகுது. ரெண்டு ரிப்பீட்டர்னா கால்வாசிதான் மிஞ்சும். மரத்தில் மாட்ட மின்சாரம் எங்கிருந்து வரும், மழைக்கு என்ன மறைப்புங்கிறது தனிக்கதை. இந்த மாதிரி இடத்தில் ரிப்பீட்டர் போட்டா பத்து நாள் ஓடும். அப்புறம் தினம் ரீஸ்டார்ட் பண்ற வேலைதான்.

செய்ய வேண்டியதை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு ஒரு உறுதியான பாலம் முதல் வேலை. அங்கே ஒரு சாதாரண ரூட்டரை அக்சஸ் பாயின்டா வச்சு வைஃபை பரப்புறது ரெண்டாவது. ரெண்டாவது சுலபம். பாலத்துக்கு மூணு வழி இருக்கு: லேன் கேபிள், பாயின்ட் டு பாயின்ட் ரேடியோ, ஃபைபர். லேன் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர், உங்களுக்கு அது கிடையாது.

#3 | சிம்_ரூட்டர்

நடுவில் ஒரு சுவிட்ச் வச்சா 100 மீட்டர் கூட 100 மீட்டர் போகுமே? இல்லைன்னா மின்கம்பி வழியாவே நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர்?

#4 | எர்த்_பிட்

ரெண்டும் வேண்டாம் சார்.

பவர்லைன் அடாப்டர் ஒரே மீட்டர், ஒரே ஃபேஸுக்குள்ள ஓடுற சாமான். தோட்டத்தில் வீட்டுக்குத் தனி சர்வீஸ், பம்ப்செட்டுக்குத் தனி சர்வீஸ். சிக்னல் தாண்டாது. ஒரே சர்வீஸா இருந்தாக்கூட மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் லைனில் வர்ற இரைச்சல் அதை நாசமாக்கிடும்.

செம்புக் கேபிளை ரெண்டு கட்டிடத்துக்கு நடுவில் இழுக்கிறதுதான் இன்னும் ஆபத்து. வீட்டு எர்த் வேற, மோட்டார் ரூம் எர்த் வேற. பக்கத்தில் ஒரு தென்னையில் இடி விழுந்தா அந்த இடத்து மண்ணோட மின்னழுத்தம் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். வீட்டுப் பக்கம் ஏறாது. அந்த வித்தியாசம் முழுக்க உங்க லேன் கேபிள் வழியா ஓடும். ரூட்டர், என்விஆர் (கேமரா ரெக்கார்டர்), டிவி எல்லாம் ஒரே சமயத்தில் போகும். தோப்பில் இடி விழுற இடமே உயரமான தென்னைதான். கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்பு கூடாதுங்கிறதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

#5 | ஆனைமலை_தோப்பு

புரிஞ்சுதுங்க. அப்போ ரேடியோ, ஃபைபர் ரெண்டுதான். தோண்டுற வேலை இல்லாததால ரேடியோ நல்லாத் தோணுது. தென்னை மறைக்குமா?

#6 | அலைவரிசை

மறைக்குமா இல்லையாங்கிறது எந்த உயரத்தில் மாட்டுறீங்கங்கிறதைப் பொறுத்தது. எல்லாரும் மரத்துக்கு மேல போகணும்னு நினைப்பாங்க. உங்க மரத்துக்கு மேல போக 18 மீட்டர் டவர் வேணும், தேவையே இல்லை. நெட்டைத் தென்னைக்குக் கொண்டை மேல இருக்கு, கீழே வெறும் தண்டு. ரெண்டு வரிசைக்கு நடுவில் ஏழரை மீட்டர் அகலத்துக்கு ஒரு நடைபாதை மாதிரி காலியிடம் கிடக்கு. அந்தச் சந்து வழியாப் பார்த்தா மோட்டார் ரூம் தெரியுதுன்னா ரேடியோவுக்கு அதுவே ராஜபாட்டை. குட்டை ரகத் தோப்பா இருந்தா இது நடக்காது, மட்டை கண் உயரத்திலேயே தொங்கும்.

கணக்குச் சொல்றேன். ரேடியோ அலை நூல் மாதிரி போறதில்லை, நடுவில் உப்பின சுரைக்காய் மாதிரி போகும். அதுக்கு ஃபிரெனல் மண்டலம்னு பேரு. 220 மீட்டர் தூரத்தில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு நட்டநடுவில் அதன் ஆரம் சுமார் 1.7 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது கோட்டைச் சுத்தி ஒரு மீட்டர், இலை தழை இல்லாம இருந்தாப் போதும். 2.4-ல் அதே இடத்தில் ஆரம் 2.6 மீட்டர், இன்னும் அகலமான சந்து கேட்கும். அதனால 5 கிகாஹெர்ட்ஸ் எடுங்க.

சிக்னல்: திறந்தவெளி இழப்பு சுமார் 94.5 டிபி (டெசிபல்). 13 டிபிஐ (ஆன்டெனாவோட பலம்) உள்ள ரேடியோ ரெண்டு பக்கமும், அனுப்புற பவர் 20 டிபிஎம். கூட்டிக் கழிச்சா −49 டிபிஎம் கிடைக்கும். மைனஸுக்குப் பின்னாடி எண் பெரிசாக ஆக சிக்னல் பலவீனம்; −45-க்கும் −60-க்கும் நடுவில் இருந்தா அருமை. டிபி-லிங்க் சிபிஇ510 மாதிரி சின்னது ரெண்டு இதுக்குப் போதும். 23 டிபிஐ டிஷ் எல்லாம் கிலோமீட்டர் கணக்குக்கு. பக்கத்தில் போட்டா சிக்னல் அளவுக்கு மேல போய் ரிசீவர் திணறும்.

உங்க பிரச்சினை தென்னை இல்லை, கோகோ. இலைக்கு வைஸ்பர்கர் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. அதன்படி 80 மீட்டர் இலைக்குள்ள 5.8 போனா இன்னும் 29 டிபி வரைக்கும் போகும். −49 போய் −78 ஆகிடும். நனைஞ்ச இலைன்னா இன்னும் கீழே. அது ஓடாது.

#7 | ஆனைமலை_தோப்பு

கோகோவுக்கு மேல, தென்னைக் கொண்டைக்குக் கீழே போனா?

#8 | அலைவரிசை

அதேதான் தம்பி. கோகோ 4 மீட்டர், அதுக்கு மேல ஒரு மீட்டர் ஃபிரெனல் இடைவெளி, வளர்ச்சிக்கு ஒரு மீட்டர். ஆக 6 மீட்டர் உயரத்தில் ரெண்டு ரேடியோவும் இருக்கணும். வீட்டுப் பக்கம் மொட்டைமாடி மூணேகால் மீட்டர் இருக்கும், அதில் 3 மீட்டர் ஜிஐ பைப் நிறுத்தினாச் சரி. மோட்டார் ரூம் பக்கம் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் 6 மீட்டர், சுவரில் ரெண்டு இடத்தில் கிளாம்ப், மூணு பக்கம் ஸ்டே கம்பி.

பைப் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. இருபது அடி மூங்கில் நுனியில் ஒரு எல்இடி டார்ச்சைக் கட்டி, ராத்திரி மோட்டார் ரூம்கிட்ட ஒருத்தர் நிமிர்த்திப் பிடிக்கட்டும். நீங்க மாடியில் ஏணி வச்சு அந்த உயரத்திலிருந்து பாருங்க. வெளிச்சம் தெரியணும். தெரிஞ்சா மட்டும் போதாது, மூங்கிலை இடம் வலம் மேல கீழ ஒவ்வொரு மீட்டர் நகர்த்தினாலும் தெரியணும். எந்தப் பக்கம் நகர்த்தும்போது மறையுதோ அந்தப் பக்கம் ஃபிரெனலை இலை தின்னுதுன்னு அர்த்தம். மூங்கிலைத் தூக்குறதுக்கு முன்னாடி பக்கத்தில் மின்கம்பி போகுதான்னு பகல்லயே பார்த்து வச்சுக்கோங்க.

#9 | கண்ணாடி_நார்

நண்பர் சொல்ற ரேடியோக் கணக்கு எல்லாம் சரி. ஆனா இந்த இடத்துக்கு நான் ஃபைபர்தான் சொல்வேன். கோகோ வருஷா வருஷம் வளரும், கவாத்து ஒரு தடவை தள்ளிப்போனா லிங்க் ஆடும். தென்னை மட்டை காஞ்சு தொங்குறப்போ கொண்டைக்குக் கீழே ரெண்டு மூணு மீட்டர் இறங்கும். மேல இருந்து பச்சை மட்டையோ குலையோ விழுந்தா அந்த 6 மீட்டர் பைப் வளைஞ்சே போகும். அதோட, ரெண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டு அதில் செம்புக் கேபிள் இறக்குறீங்க. எர்த்_பிட் சொன்ன இடிப் பயம் பாதி திரும்ப வந்துடுது.

ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. 220 மீட்டருக்கும் 2 கிலோமீட்டருக்கும் அதுக்கு வித்தியாசமே இல்லை. செலவு கேபிளில் இல்லைங்க, பள்ளம் தோண்டுறதில்தான். தோட்டத்தில் ஆள் இருக்கு, மண் இளகலா இருக்குன்னா அதுவும் பெரிசில்லை.

வாங்க வேண்டியது: 2 கோர் சிங்கிள் மோடு கேபிள் 260 மீட்டர் (வளைவுக்கும் ரெண்டு முனையில் சுருட்டி வைக்கவும் சேர்த்து). 32 மில்லிமீட்டர் கருப்பு எச்டிபிஇ ஹோஸ் அதே நீளம், சொட்டுநீருக்கு வாங்குற கடையிலேயே கிடைக்கும். சிங்கிள் ஃபைபர் மீடியா கன்வர்ட்டர் (லேன் சிக்னலை வெளிச்சமா மாத்தி ஒரே நாரில் ரெண்டு பக்கமும் அனுப்புற பெட்டி) ஒரு ஜோடி. எஸ்சி யுபிசி பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் வச்ச துண்டு ஃபைபர்) நாலு. சின்ன டெர்மினேஷன் பெட்டி ரெண்டு. ஒரு கோர் ஓடும், இன்னொண்ணு கையிருப்பு.

#10 | எர்த்_பிட்

ஒரு திருத்தம். ஃபைபர் மின்சாரம் கடத்தாது, ஆனா கேபிள் கடத்தலாம். வீட்டுக்கு வீடு இழுக்கிற தட்டை டிராப் கேபிளில் ஓரமா ஒரு இரும்புக் கம்பி வரும், ஆர்மர்டு கேபிளில் உள்ளே இரும்புத் தகடு சுத்தியிருக்கும். அதை அப்படியே பெட்டிக்குள்ள கொண்டுபோனா நீங்க செம்பு இழுத்ததுக்குச் சமம்தான். வாங்கும்போதே எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) கம்பி வச்ச, உலோகமே இல்லாத கேபிள் கேளுங்க. கிடைக்கலைன்னா ரெண்டு முனையிலும் இரும்பை ஒரு மீட்டருக்குக் கத்தரிச்சு விட்டுட்டு வெறும் ஃபைபரை மட்டும் உள்ளே எடுங்க.

#11 | கண்ணாடி_நார்

நல்ல குறிப்பு, ஏத்துக்கிறேன். இன்னொண்ணு: டிராப் கேபிளை வெறுமனே மண்ணில் புதைக்காதீங்க. அது ஆகாயத்தில் தொங்குறதுக்குச் செஞ்சது. எலி ஒரே ராத்திரியில் கடிச்சிடும். மரத்துக்கு மரம் கட்டிக் கொண்டுபோறதும் தோப்பில் ஆகாது. பதினஞ்சு மீட்டர் உயரத்திலிருந்து விழுற மட்டை எந்தக் கேபிளையும் அறுத்துப் போட்டுடும்.

#12 | ஆனைமலை_தோப்பு

டார்ச் வச்சுப் பார்த்தேனுங்க. 6 மீட்டரில் வெளிச்சம் தெரியுது. ஆனா வலப்பக்கம் அரை மீட்டர் நகர்த்தினாலே ஒரு வரிசை மட்டையில் மறையுது. வரிசை லேசா வளைஞ்சு போகுது. ஃபைபருக்கே போயிடறேன். பள்ளம் எவ்வளவு ஆழம், மரத்துக்கு எவ்வளவு தள்ளி?

#13 | கண்ணாடி_நார்

ஆழம் ரெண்டு அடி. ரொட்டவேட்டர் அரை அடியைத் தாண்டாது, ஆனா உரம் வைக்க வட்டப் பாத்தி எடுக்கிற ஆள் மம்மட்டியை ஓங்கிப் போடுவார். அந்தப் பாத்தி தண்டிலிருந்து ஆறடிக்கு வரும், வேரும் பெரும்பாலும் அதுக்குள்ளதான். அதனால ரெண்டு வரிசைக்குச் சரியா நடுவில் போங்க, எந்தப் பக்கத்து மரத்துக்கும் பன்னிரண்டு அடி கிடைக்கும். வரிசை வளைஞ்சா பள்ளமும் கூடவே வளையட்டும், ஃபைபருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கேபிளைக் கோக்குறதைப் பள்ளத்துக்குள்ள வச்சுப் பண்ணாதீங்க. ஹோஸை வெயிலில் நீட்டிப் போட்டா இளகி நேராகும். தரை மேலேயே வச்சு 80, 90 மீட்டர் துண்டு துண்டாக் கோத்து, ஒவ்வொரு இணைப்பிலும் கேபிளை இழுத்துக்கிட்டே கப்ளிங் போட்டு, முழுசும் முடிஞ்சப்புறம் பள்ளத்தில் இறக்குங்க. கூடவே ஒரு நைலான் கயிறும் உள்ளே போகட்டும், நாளைக்குக் கேபிள் மாத்தணும்னா அதுதான் கை கொடுக்கும். சோப்புத் தண்ணி தடவினா வழுக்கும். கையால மட்டும் இழுங்க, வண்டியில் கட்டி இழுத்தா உள்ளே முறிஞ்சது வெளியே தெரியாது.

வளைவு எங்கேயும் ஒரு சாப்பாட்டுத் தட்டு வட்டத்துக்குக் குறையாம இருக்கட்டும். ஒரு அடி மண் போட்டதும் மஞ்சள் எச்சரிக்கை நாடா விரிச்சு மீதி மண் தள்ளுங்க. ஹோஸோட ரெண்டு வாயையும் டக்ட் சீல் களிம்பு வச்சு அடைக்கணும். விட்டா எலியும் எறும்பும் அது வழியாவே வீட்டுக்குள்ள வரும். சொட்டுநீர்க் குழாய் குறுக்கே வர்ற இடங்களை ஃபோனில் படம் பிடிச்சு, பக்கத்து மரத்திலிருந்து எத்தனை அடின்னு எழுதி வச்சுக்கோங்க.

முனை கட்ட உள்ளூர் பிராட்பேண்ட் ஆள் யாராவது ஸ்ப்ளைஸிங் மெஷினோட வருவாங்க. ஃபாஸ்ட் கனெக்டர் வேண்டாம்னு சொல்லி ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் (ஃபைபரை உருக்கி ஒட்டுறது) கேளுங்க. அவங்க பையில் இருக்கிறது பெரும்பாலும் பச்சை கனெக்டர், ஏபிசி. உங்க கன்வர்ட்டரில் இருக்கிறது நீலம், யுபிசி. பச்சையோட முகம் 8 டிகிரி சாய்வா இருக்கும், நீலம் நேரா இருக்கும். ரெண்டையும் சேர்த்துச் செருகினா உள்ளே போகும், லைட்டும் ஒருவேளை எரியும், ஆனா முகம் முகத்தைத் தொடாது. சிக்னல் வீணாகும், கன்வர்ட்டர் போர்ட்டும் கெடும். நீல பிக்டெயிலை நீங்களே வாங்கி வச்சுக்கோங்க.

#14 | சிம்_ரூட்டர்

மீடியா கன்வர்ட்டர் 100-ஆ, கிகாபிட்டா?

#15 | கண்ணாடி_நார்

இவருக்கு 100 தாராளம். 4 எம்பி கேமரா எச்.265-ல் ஆளுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ். பிராட்பேண்டே 100 தான். பின்னாடி வேணும்னா பெட்டியை மட்டும் கிகாபிட்டா மாத்தலாம், மண்ணுக்குள்ள இருக்கிற கண்ணாடி அப்படியே இருக்கும். ஆனா ரெண்டு முனையும் ஒரே வேகமா இருக்கணும். ஒரு பக்கம் 100, மறுபக்கம் கிகாபிட் போட்டா பேசாது.

#16 | எர்த்_பிட்

ஃபைபர் பத்தி நிறையப் பேசியாச்சு. இந்த அமைப்பு நின்னுபோனா அது ஃபைபரால இருக்காது, மோட்டார் ரூம் கரண்ட்டாலதான் இருக்கும். அதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

பம்ப்செட் லைனில் மூணு ஆபத்து. மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் சரியும், அடாப்டர் ஒரு நொடி அணைஞ்சு எழும், ரூட்டர் தினம் பத்துத் தடவை ரீஸ்டார்ட் ஆகும். ரெண்டாவது, மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் கேமரா குருடாகிடும். திருட்டு நடக்கிறதே அந்த நேரம்தான். மூணாவதுதான் கொடியது: கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனா, 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350-ன்னு ஏறும். மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை, அது பாட்டுக்கு ஓடும். பல்பும் அடாப்டரும் கருகும். அதுக்கும் மேல, இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்காகக் கொடுத்தது. வேற பயனுக்கு எடுத்தா ஆய்வில் கேள்வி வரும்.

அதனால சோலார் போடுங்க, சின்னதுதான். கணக்கு: கன்வர்ட்டர் 3 வாட், அக்சஸ் பாயின்ட் 5, கேமரா ராத்திரி ஐஆர் எரியும்போது ஆளுக்கு 5. மொத்தம் 18 வாட். ஒரு நாளைக்கு 432 வாட்-அவர். 12.8 வோல்ட் 50 ஏஎச் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரியில் 640 இருக்கு, வெயிலே இல்லாட்டியும் ஒரு பகல் ஒரு ராத்திரி தாங்கும். பேனல் 200 வாட். நாலரை மணி நேர நல்ல வெயில், இழப்புக்குக் கால்வாசி போக 675 வரும். பேனலைத் தென்னை நிழல் விழாத இடத்தில் வைக்கணும், கிணத்து மேடு மாதிரி. பேனல் மூலையில் ஒரு மட்டை நிழல் விழுந்தாக்கூட உற்பத்தி பாதிக்கு மேல சரியலாம்.

12 வோல்ட் கேமராவை நேரா பேட்டரியில் கொடுக்காதீங்க. சார்ஜ் ஏறும்போது அது 14.4 வரைக்கும் போகும். நடுவில் 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒண்ணு, கன்வர்ட்டருக்கு 5 வோல்ட் பக் கன்வர்ட்டர் ஒண்ணு. ஒவ்வொரு லைனிலும் 2 ஆம்பியர் ஃப்யூஸ்.

#17 | ஆனைமலை_தோப்பு

ஸ்டார்ட்டர் கன்ட்ரோலர் பம்ப்செட் லைனில்தானே இருக்கும், அதுக்கு?

#18 | எர்த்_பிட்

அது அங்கேயே இருக்கட்டும், கரண்ட் இல்லாத நேரத்தில் அதுக்கு வேலையும் இல்லை. ஆனா அதுக்குப் போற ஃபேஸில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே போடுங்க, 270-ல் துண்டிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. போர்டில் டைப் 2 சர்ஜ் புரொடெக்டர், அதுக்கு உருப்படியான எர்த். எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டர் வெறும் அலங்காரம். கிணத்துத் தண்ணி ஊறுற ஈர மண் பக்கத்திலேயே இருக்கு, குழி அங்கே எடுங்க.

#19 | ஆனைமலை_தோப்பு

பள்ளம், ஹோஸ், ஸ்ப்ளைஸ் எல்லாம் முடிஞ்சது. பவர் மீட்டரில் மோட்டார் ரூம் முனையில் −9.4 டிபிஎம் காட்டுச்சு. ஆனா கன்வர்ட்டர் ரெண்டிலும் எஃப்எக்ஸ் (ஃபைபர்) விளக்கு எரியலை. பிடபிள்யூஆர் (பவர்) விளக்கு எரியுது, டிபி-ன்னு எழுதின லேன் கேபிள் விளக்கும் எரியுது. ஃபைபர் வாயில் வெளிச்சம் வருதான்னு ஃபோன் கேமராவில் பார்த்தேன், ஒண்ணும் தெரியலை.

#20 | கண்ணாடி_நார்

முதல்ல, ஃபைபர் வாயைக் கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க. 1310, 1550 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். ஃபோன் கேமராவுக்கும் அது தெரியாது. டிவி ரிமோட்டை அதில் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது.

−9.4 அருமையான அளவு. கன்வர்ட்டர் −8-ல் அனுப்பினா ரெண்டு ஸ்ப்ளைஸ், ரெண்டு கனெக்டர் சேர்த்து அவ்வளவுதான் இழக்கணும். −20-க்குக் கீழே காட்டியிருந்தா எங்கேயோ மடங்கியிருக்குன்னு தேடலாம். ஃபைபர் நல்லா இருக்கு, பெட்டியில்தான் கோளாறு. ரெண்டு பெட்டியோட அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிங்க. சிங்கிள் ஃபைபர் ஜோடியில் ஒண்ணு ஏ, இன்னொண்ணு பி. ஏ 1310-ல் பேசி 1550-ல் கேட்கும், பி நேர்மாறு. ரெண்டும் ஏ-ன்னா ரெண்டு பேரும் ஒரே அலைநீளத்தில் பேசுறாங்க, ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது. மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, வர்ற வெளிச்சத்தை அளந்துட்டுப் போயிடும்.

#21 | ஆனைமலை_தோப்பு

ரெண்டுமே ஏ-ங்க! கடையில் மாத்திக் கொடுத்துட்டாங்க. இப்போ எஃப்எக்ஸ் எரியுது, நெட் வந்துச்சு. ஆனா பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் மோட்டார் ரூமில் மட்டுமில்லாம வீட்டிலேயும் சில ஃபோனில் நெட் நிக்குது.

#22 | அலைவரிசை

மோட்டார் ரூமில் வச்ச பழைய ரூட்டரும் ஐபி கொடுக்குது தம்பி. டிஎச்சிபி, அதாவது ஐபி முகவரி கொடுக்கிற வேலையை, ரெண்டு பேர் நடத்துறாங்க. ஃபோன் எந்த ரூட்டர் முதல்ல பதில் சொல்லுதோ அதை நம்பிடும். பழைய ரூட்டர் தன்னையே கேட்வேன்னு சொல்லும், அதுக்கு வெளியே போக வழி இல்லை.

ஃபைபரைக் கழட்டிட்டு, அந்த ரூட்டரை மட்டும் லேப்டாப்பில் மாட்டுங்க. அக்சஸ் பாயின்ட் மோடு இருந்தா அதை அழுத்தினாப் போதும். இல்லைன்னா, லேன் ஐபியை 192.168.1.3-ன்னு மாத்துங்க (வீட்டு ரூட்டர் 192.168.1.1 ஆ இருக்கிற பட்சத்தில்), டிஎச்சிபியை அணைங்க, கன்வர்ட்டரிலிருந்து வர்ற கேபிளை வேன் போர்ட்டில் இல்லாம லேன் போர்ட்டில் செருகுங்க. மூணும் சேர்ந்தாத்தான் சரியாகும். கேமராவுக்கும் ஸ்டார்ட்டருக்கும் வீட்டு ரூட்டரில் ஐபி முன்பதிவு பண்ணிடுங்க.

வைஃபை பேரும் பாஸ்வேர்டும் வீட்டில் இருக்கிற மாதிரியே வைக்கலாம், நடந்து போகும்போது ஃபோன் தானா மாறிக்கும். 2.4 சேனல் வீட்டில் 1-ன்னா அங்கே 6 அல்லது 11. ஸ்டார்ட்டர் கன்ட்ரோலர் பெரும்பாலும் 2.4-ல் மட்டும்தான் சேரும், அதை அணைச்சிடாதீங்க. கேமராவை வைஃபையில் போடாம கேபிளிலேயே கொடுங்க. அந்தக் கேபிள் மோட்டார் வயரோட ஒரே பைப்பில் போகக்கூடாது, ஒரு அடி தள்ளியே ஓடட்டும்.

#23 | ஆனைமலை_தோப்பு

சரியாயிடுச்சுங்க. வீட்டிலிருந்து 500 பிங் அனுப்பினேன், ஒண்ணுகூட விடலை, 1 மில்லிசெகண்ட். ஐபெர்ஃபில் (வேகம் அளக்கிற மென்பொருள்) 94 எம்பிபிஎஸ். மோட்டார் எடுத்தாலும் ஆடலை. ஏற்கெனவே வீட்டில் சும்மா கிடக்கிற ரெண்டு ரேடியோவை ஒரு நண்பர் தர்றேங்கிறார். ஃபைபர் அறுந்தா உதவுமேன்னு அதையும் கூடவே மாட்டி வைக்கலாமா?

#24 | அலைவரிசை

மாட்டி வைங்க, ஆனா ரெண்டையும் ஒரே நேரத்தில் சுவிட்சில் செருகி வைக்காதீங்க. ஃபைபர் ஒரு வழி, ரேடியோ ஒரு வழின்னு வட்டம் முழுசாகிடும். ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் அந்த வட்டத்தில் சுத்திச் சுத்திப் பெருகி மொத்த வீட்டு நெட்டும் படுத்துடும். எஸ்டிபி (வட்டத்தைக் கண்டுபிடிச்சு ஒரு வழியைத் தானா அடைக்கிற வசதி) உள்ள சுவிட்ச் இல்லாம இதைச் செய்யக்கூடாது. ரேடியோ கேபிளைக் கழட்டி வச்சிருந்து, தேவைப்படும்போது மாத்திச் செருகுங்க.

அமைக்கும்போது: ஒண்ணு அக்சஸ் பாயின்ட், மற்றது கிளையன்ட், ரெண்டிலும் டபிள்யூடிஎஸ் (பாலமா இயங்க வைக்கிற அமைப்பு) ஆன். ஐபி .251, .252. சேனல் 149 முதல் 161-க்குள், அகலம் 20 போதும். 52 முதல் 144 வரைக்கும் ரேடார் பார்த்து விலகுற சேனல்கள், திடீர்னு ஒரு நிமிஷம் காணாமப் போகும். இந்தியாவில் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள் 2018 அக்டோபர் அறிவிக்கையோட லைசென்ஸ் இல்லாம வெளியிடத்திலும் பயன்படுத்த வந்தாச்சு, ஆனா நாடு இந்தியான்னு சரியாத் தேர்ந்தெடுக்கணும்.

இந்த மாதிரி ரேடியோவோட வர்ற இன்ஜெக்டர் (லேன் கேபிள் வழியா கரண்ட் கொடுக்கிற பெட்டி) 24 வோல்ட் பேசிவ். பிஓஇ-ன்னு எழுதின வாய் ரேடியோவுக்கு, லேன்னு எழுதின வாய் சுவிட்சுக்கு. மாத்திச் செருகினா 24 வோல்ட் நேரா சுவிட்சுக்குள்ள போகும்.

#25 | எர்த்_பிட்

ரேடியோவுக்குக் கம்பம் நட்டா, அதுக்குத் தனி எர்த் ராடு அடிச்சு, அதை மோட்டார் ரூம் எர்த்தோட 8 எஸ்டபிள்யூஜி ஜிஐ கம்பியால இணைச்சிடுங்க. தனித்தனியா விடக்கூடாது. கேபிள் உள்ளே நுழையுற இடத்தில் ஒரு முழம் கீழே தொங்கவிட்டு, அப்புறம் மேலேத்தி ஓட்டைக்குள்ள விடுங்க. மழைத்தண்ணி அந்தத் தொங்கலில் சொட்டிடும், பெட்டிக்குள்ள வராது.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாருங்க. குளவிக்கூடும் எறும்பும் அதுக்குள்ளதான் இருக்கும். பல்லி ஸ்டார்ட்டர் கான்டாக்டுக்கு நடுவில் போய்ச் செத்துக் கிடந்தா மோட்டார் எடுக்காது, அதைப் பார்த்துட்டு நெட் போச்சுன்னு ரூட்டரைத் திருகிக்கிட்டு இருப்பாங்க. கேபிள் நுழையுற ஓட்டை அத்தனையும் எம்-சீல் வச்சு அடைங்க. திறக்கும்போது மெயினை அணைச்சிட்டுத் திறங்க.

#26 | ஆனைமலை_தோப்பு

சரிங்கண்ணா. கம்பம் இப்போதைக்கு வேண்டாம், மிச்சம் இருக்கிற ரெண்டாவது கோரையும் மோட்டார் ரூம் முனையில் ஸ்ப்ளைஸ் பண்ணி மூடி போட்டு வச்சுடறேன். மரங்களுக்கு நம்பர் எழுதி, ஹோஸ் போற வழியை அளந்து வரைஞ்ச தாளை லேமினேட் பண்ணி மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒட்டியாச்சு.